ப்ளூஸ் கித்தாரில் கார்ட் சுரங்கள்

ப்ளூஸ் கித்தாரில் கார்ட் சுரங்கள் என்பது, பின்னணியில் ஒலிக்கும் கார்ட் எந்தச் சுரங்களால் ஆனதோ அவற்றையே ஊன்றாகக் கொண்டு மனோதர்மமாகத் தனி வாசிப்பை அமைக்கும் முறை ஆகும். கார்ட் என்பது ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டு. அதே சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து வாசித்தால் அது ஆர்பெஜியோ எனப்படும். ஹார்ப் என்னும் யாழ் வகைக் கருவியைக் குறிக்கும் 'ஆர்ப்பா' என்ற இத்தாலியச் சொல்லின் வழியே இப்பெயர் வந்தது.

பன்னிரு பார் அமைப்பு

ப்ளூஸ் பாடல்கள் பெரும்பாலும் 12 பார்கள் கொண்ட சுழற்சியில் அமைகின்றன. 'ஏ' சுருதியில் வாசிக்கும்போது ஏ7, டி7, இ7 ஆகிய மூன்று கார்ட்கள் போதும். எளிய வடிவில் முதல் 4 பார்கள் ஏ7. அடுத்து 2 பார்கள் டி7. மீண்டும் 2 பார்கள் ஏ7. பின்னர் இ7, டி7 ஒவ்வொரு பார். இறுதி 2 பார்கள் ஏ7.

'ஏ'யைச் சட்சமாகக் கொண்டால் இம்மூன்றின் சுரங்கள் பின்வருமாறு அமையும்.

ஏ7: ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம்
டி7: சுத்த மத்யமம், சதுசுருதி தைவதம், ச, சாதாரண காந்தாரம்
இ7: ப, காகலி நிஷாதம், சதுசுருதி ரிஷபம், சுத்த மத்யமம்

இப்பட்டியலில் கவனிக்க வேண்டியது காந்தாரமும் நிஷாதமும் ஆகும். ஏ7இல் இருந்து டி7க்கு மாறும்போது அந்தர காந்தாரம் அரைச்சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரமாகிறது. கைசிகி நிஷாதமும் அரைச்சுரம் இறங்கித் தைவதமாகிறது. மாறாக ஏ7இல் இருந்து இ7க்குச் சென்றால் அதே இரண்டும் அரைச்சுரம் ஏறுகின்றன. இந்த இரு சுரங்களை மட்டும் சரியான இடத்தில் தொட்டாலே, உடன் யாரும் வாசிக்காவிட்டாலும் கார்ட் மாறியது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

கித்தாரில் இதற்கு விரல் அதிகம் நகர வேண்டியதில்லை. வழக்கமான சுருதி கூட்டலில் மூன்றாம் தந்தியின் 6ஆம் கட்டு அந்தர காந்தாரம், 5ஆம் கட்டு சாதாரண காந்தாரம். நான்காம் தந்தியின் 5ஆம் கட்டு கைசிகி நிஷாதம், 4ஆம் கட்டு சதுசுருதி தைவதம். கார்ட் மாறும் முதல் அடியில் இவற்றுள் ஒன்றில் வந்து நிற்பதே தொடக்கப் பயிற்சி.

ஐந்து சுர அளவுகோலும் அதன் எல்லையும்

கித்தார் பயில்வோர் முதலில் கற்பது பெரும்பாலும் மைனர் பென்டடானிக் எனப்படும் ஐந்து சுர வரிசையே. இது சுத்த தன்யாசி இராகத்தின் சுரங்களை ஒத்தது. மூன்று கார்ட்களின் மீதும் இது ஓரளவு பொருந்தும் என்பது அதன் வசதி. எந்தக் கார்ட் ஒலிக்கிறது என்று கேளாமலே வாசிக்கப் பழக்கிவிடும் என்பது அதன் கேடு. இதனைக் கைவிட வேண்டியதில்லை. ஏ7 ஒலிக்கும்போது சாதாரண காந்தாரத் தந்தியைச் சற்றே இழுத்து, இரு காந்தாரங்களுக்கும் இடையே நிறுத்துவது ப்ளூஸின் உயிர்நாடி. டி7 வரும்போது அதே கட்டை இழுக்காமல் வாசித்தால் அதுவே கார்ட் சுரமாகிவிடும். ஆர்பெஜியோக்களை மட்டும் மேலும் கீழுமாக ஓட்டினால் பயிற்சிப் பாடம் போல் ஒலிக்குமேயன்றி ப்ளூஸ் ஆகாது.

கர்நாடக இசையுடன் ஒப்பீடு

கர்நாடக இசையில் தம்புராவின் சுருதி மாறுவதில்லை. எனவே எச்சுரத்தில் நின்று இளைப்பாறலாம் என்பதை இராகமே வரையறுக்கிறது; அவை நியாச சுரங்கள் எனப்படும். ப்ளூஸில் நிற்கும் இடம் பாருக்குப் பார் மாறுகிறது. எனினும் கணக்குடன் வந்து சேர்தல் இரண்டுக்கும் பொது. கற்பனைசுரம் பாடுவோர் எடுப்பின் இடத்தையும் அதன் சுரத்தையும் மனத்திற்கொண்டே முடிக்கின்றனர். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) இத்தகைய லயக் கணக்கில் பெயர்பெற்றவர்.

கலைஞர்கள்

மின்கித்தாரில் கார்ட் சுரங்களைச் சார்ந்த வாசிப்பை நிலைநிறுத்தியோருள் சார்லி கிறிஸ்டியன் (1916–1942) முதன்மையானவர். அவர் ஜாஸ் கலைஞராயினும் ப்ளூஸ் வாசிப்பில் அவரது தாக்கம் பெரிது. டி-போன் வாக்கர் (1910–1975), பி. பி. கிங் (1925–2015) ஆகியோரின் வாசிப்பிலும் இம்முறையைக் கேட்கலாம்.

இந்தியாவில், சில்லாங்கில் 2003இல் தோன்றிய 'சோல்மேட்' குழு 2007இல் மெம்பிசு நகரில் நடைபெற்ற பன்னாட்டு ப்ளூஸ் போட்டியில் பங்கேற்றது. அதன் கித்தார் கலைஞர் ரூடி வாலாங். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற ஆர். பிரசன்னா பின்னர் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் கற்றவர். கர்நாடக இசை, ஜாஸ் இரண்டையும் மின்கித்தாரில் வாசிப்பவர்.