பெயர் மறைந்த திரைக்கதை

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில், எழுதியவர் பெயரைச் சொல்லாது ஒரு கவிதையைப் படித்தால் அதன் சுவை குன்றுமா என்னும் வினா எழுந்ததை உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குன்றாது என வாதிட்டவர்களுள் நானும் ஒருத்தி. இயற்பெயர் தெரியாமற்போய், பாடிய தொடராலேயே பெயர் பெற்ற செம்புலப்பெயனீராரை அன்று சான்றாகக் காட்டினேன். அக்கருத்தை முற்றும் கைவிட்டேன் அல்லேன். எனினும், ‘கன் கிரேசி’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் வரலாற்றை அறிந்தபின் அத்துணை உறுதியோடு பேச நா எழவில்லை.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்க நாட்டுப்புறத்தைச் சிதைத்த காலத்தில், கொள்ளையடித்துக்கொண்டு காரிலேயே மாநிலம் விட்டு மாநிலம் ஓடிய இளம் இணையர் பானி பார்க்கரும் கிளைடு பாரோவும். 1934 மே 23 அன்று லூசியானா மாநிலச் சாலையொன்றில் காவலர் மறைந்திருந்து சுட்டதில் இருவரும் மாண்டனர். அவர்களுடைய ஓட்டம் திரைக்கலைக்கு ஒரு கதைவடிவையே தந்துவிட்டது. ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஃபிரிட்ஸ் லாங் 1937-இல் ‘யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்’ படத்தை எடுத்தார். நிக்கலஸ் ரேயின் முதற்படமான ‘தே லிவ் பை நைட்’ 1947-இல் படமாக்கப்பட்டு, நிறுவனம் கைமாறியதால் கிடப்பில் கிடந்து, 1949-இல்தான் அமெரிக்காவில் வெளிவந்தது. இருளும் நிழலும் மிக்க இத்தகைய படங்களையே பிரெஞ்சுத் திறனாய்வாளர்கள் ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புத் திரைப்படம், என வழங்கலாயினர். ரேயின் படத்தில் காதலர்பால் இரக்கம் மிகுதி. ஜோசஃப் எச். லூயிஸ் இயக்கிய ‘கன் கிரேசி’ அவ்வளவு மென்மையானதன்று. எனக்குப் பிடித்தது பின்னதே.

அதன் கதைத்தலைவன் பார்ட், சிறுவயது முதலே துப்பாக்கிமேல் பித்துக்கொண்டவன். ஆயினும் ஒரு கோழிக்குஞ்சைச் சுட்டுக் கொன்றுவிட்டு வருந்தியதிலிருந்து எவ்வுயிரையும் கொல்ல அவன் கை எழுவதில்லை. பொருட்காட்சி ஒன்றில் குறிபார்த்துச் சுடும் லாரி என்னும் பெண்ணைக் காண்கிறான். ஒருவர் தலைமேல் செருகிய தீக்குச்சிகளை மற்றவர் சுட்டுப் பற்றவைக்கும் போட்டிதான் அவர்களின் காதற்காட்சி. மணம் முடிகிறது, பணம் கரைகிறது, அவள் வேண்டும் வாழ்வுக்குக் கொள்ளையே வழியாகிறது.

ஒரு சிற்றூர் வங்கியை அவர்கள் கொள்ளையிடும் காட்சியைக் கவிஞர்கள் ஒருமுறையேனும் பார்த்தல் நன்று. கலிபோர்னியாவின் மான்ட்ரோஸ் நகரில், மூன்று நிமிடங்களுக்கு மேல் இடைவெட்டின்றி ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்ட காட்சி அது. படப்பெட்டி காரின் பின்னிருக்கையில் இருக்கிறது. நாமும் அங்கே அமர்ந்து, முன்னிருக்கும் இருவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு ஊருக்குள் போகிறோம். வண்டியை நிறுத்த இடம் கிடைக்குமா என்பதே அவர்களின் பேச்சு. அவ்வுரையாடலும் எழுதித் தரப்பட்டதன்று, நடிகர்கள் அப்போதைக்கப்போது பேசியது. பார்ட் வங்கிக்குள் போகிறான், நாம் போவதில்லை. வெளியே காவலர் ஒருவர் வர, லாரி இறங்கி அவருடைய துப்பாக்கியைப் பற்றி இனிமையாகப் பேச்சுக் கொடுக்கிறாள். அவன் ஓடிவருகிறான்; அவள் காவலரை அடித்து வீழ்த்துகிறாள்; கார் பாய்கிறது. துரத்துகிறார்களா என அவள் திரும்பிப் பார்க்கும்போதுதான் அவள் முகம் நமக்கு நேரே தெரிகிறது. அதில் அச்சம் இல்லை, களிப்பே இருக்கிறது. வங்கியின் உட்புறத்தைக் காட்டாமலே கொள்ளையைக் காட்டிவிட்ட இயக்குநரின் துணிவு, சொல்லாமற் சொல்லும் கலையைப் பயில்வோர்க்கு விளங்கும்.

1950-இன் தொடக்கத்தில் இப்படம் ‘டெட்லி இஸ் த ஃபீமேல்’ என்ற பெயரில் வந்தது. கொடியவள் பெண்ணே என்பது அதன் பொருள். ஓடாமற்போகவே, அவ்வாண்டிலேயே ‘கன் கிரேசி’ என மாற்றி வெளியிட்டனர். மக்கின்லே கேண்டர் 1940-இல் எழுதிய மூலச் சிறுகதையின் தலைப்பு அதுதான். பழியைப் பெண்ணின் தலையிலிருந்து இறக்கித் துப்பாக்கியின்மேல் வைத்த இம்மாற்றம் வணிகக் காரணத்தால் நிகழ்ந்ததாயினும் நியாயமானதே. பெண்ணாய்ப் பிறந்த காரணத்தால் இதை நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தவர் ஒப்புவர்.

திரைக்கதை ஆசிரியர்களாகக் கேண்டரும் மில்லார்டு காஃப்மனும் குறிக்கப்பட்டிருந்தனர். காஃப்மன் எழுதவில்லை, எழுதியவர் டால்டன் டிரம்போ. 1947 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக்குழு, பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரா எனக் கேட்டபோது விடையளிக்க மறுத்த ‘ஹாலிவுட் பதின்மர்’ என்பாருள் அவரும் ஒருவர். அதுவரை மிக உயர்ந்த ஊதியம் பெற்றவருக்குப் படநிறுவனங்கள் கதவடைத்தன. சிக்கனத்துக்குப் பெயர்போன கிங் சகோதரர்கள் என்னும் தயாரிப்பாளர்கள் அவரைக் குறைந்த ஊதியத்தில் மறைவாக அமர்த்திக்கொண்டனர். இது பரிவா, ஆதாயமா? இரண்டும்தான் என்பேன். இளைஞரான காஃப்மன் தம் பெயரை இரவல் தந்தார். படம் வெளிவந்த அதே 1950-இல், ஜூன் மாதம், அவை அவமதிப்புக் குற்றத்துக்காக டிரம்போ சிறை புகுந்தார்.

இதை அறிந்தபின் இறுதிக்காட்சியை நான் முன்போலப் பார்க்க இயலவில்லை. சதுப்பு நிலத்து மூடுபனியில் காதலர் ஒளிந்திருக்கின்றனர். பார்ட்டின் இளமைக்கால நண்பர் இருவர், ஒருவர் காவல் அதிகாரி, மற்றவர் செய்தியாளர், அவன் பெயரைச் சொல்லி அழைத்தபடி பனிக்குள் வருகின்றனர். முகம் தெரிவதில்லை; குரல் மட்டும் நெருங்குகிறது. அவர்களைச் சுடுவேன் என லாரி எழுகிறாள். கொல்லவே மாட்டேன் என்றிருந்தவன், நண்பரைக் காக்க அவளைச் சுடுகிறான். அவ்வொலி கேட்டுக் காவலர் சுட, அவனும் வீழ்கிறான். நண்பரைக் காட்டிக்கொடு என்று அரசு எழுத்தாளரை நெருக்கிய நாள்களில் எழுதப்பட்ட காட்சி இது. ஆசிரியரின் வாழ்வை இதனுள் ஏற்றிப் படிப்பது ஊகமே எனினும், தவிர்க்க முடியவில்லை.

டிரம்போவின் மறைவு வாழ்க்கை நீண்டது. கிங் சகோதரர்களுக்கே எழுதிய ‘த பிரேவ் ஒன்’ கதைக்காக 1957-இல் ‘ராபர்ட் ரிச்’ என்னும் பெயருக்கு ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்டது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை. 1960-இல் ‘ஸ்பார்ட்டகஸ்’, ‘எக்சோடஸ்’ ஆகிய படங்களில்தான் அவர் பெயர் மீண்டும் திரைக்கு வந்தது. 1976-இல் அவர் காலமானார். ‘கன் கிரேசி’யை எழுதியவர் தாம் அல்லர் எனக் காஃப்மன் வெளிப்படையாக அறிவித்தது 1992-இல். 1950-இல் அச்சிட்ட படச்சுருள்களின் தொடக்கத்தில் டிரம்போவின் பெயர் இல்லை. காஃப்மனின் பெயரே ஓடுகிறது.