ஓபரா நேரலை: தொலைபேசி முதல் திரையரங்கு வரை

ஓபரா என்பது உரையாடலின் பெரும்பகுதி பாடலாகவே அமையும் ஐரோப்பிய இசை நாடக வடிவமாகும். இது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. ஓபராவைக் கேட்க வேண்டுமானால் அரங்கிற்கு நேரில் செல்ல வேண்டும் என்ற நிலை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. பெருநகரத்தில் வாழ்வோரும் நுழைவுச்சீட்டு வாங்க வசதி உள்ளோருமே அதைக் கேட்க முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசியும், பின்னர் வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள் ஆகியனவும் இந்த நிலையை மாற்றின. அரங்கில் நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் தொலைவில் இருப்போரும் அதைக் கேட்கவும் பார்க்கவும் முடிந்தது. ஓபரா யாருக்கு உரியது என்ற கேள்விக்கும் இந்த மாற்றம் புதிய விடையைத் தந்தது.

தொலைபேசி வழியே ஓபரா

1881ஆம் ஆண்டு பாரிசில் பன்னாட்டு மின்சாரக் கண்காட்சி நடைபெற்றது. பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமான் அதேர், பாரிஸ் ஓபரா அரங்கின் மேடை விளிம்பில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அவற்றைக் கம்பிகள் மூலம் கண்காட்சி அறைகளுடன் இணைத்தார். பார்வையாளர்கள் இரண்டு கேட்புக் குழல்களை இரு காதுகளிலும் வைத்துக்கொண்டு கேட்டனர். மேடையின் இடப்புறத்திலிருந்தும் வலப்புறத்திலிருந்தும் வந்த ஒலிகள் தனித்தனிக் காதுகளை அடைந்ததால், பாடகர் மேடையில் நடமாடுவதையும் உணர முடிந்தது. இன்றைய ஸ்டீரியோ ஒலியின் முன்னோடியாக இது கருதப்படுகிறது. எழுத்தாளர் விக்டர் ஹியூகோவும் இதைக் கேட்டவர்களுள் ஒருவர்.

1890 முதல் ‘தியேட்ரோபோன்’ என்ற பெயரில் இது கட்டணச் சேவையாக நடத்தப்பட்டது. உணவு விடுதிகளில் காசு போட்டுச் சில நிமிடங்கள் கேட்கலாம். சந்தா செலுத்தி வீட்டிலும் கேட்கலாம். நோயின் காரணமாக அதிகம் வெளியே செல்லாத எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் இதன் சந்தாதாரர். பாரிசில் மேடையேறிய ஓபராக்களை அவர் தம் அறையிலிருந்தே கேட்டார். இலண்டனில் 1895 முதல் ‘எலக்ட்ரோபோன்’ என்ற இதே போன்ற சேவை இயங்கியது. ஆனால் ஒவ்வொரு வீட்டிற்கும் கம்பி இழுக்க வேண்டியிருந்ததால், இவை வசதி படைத்தோரின் சேவைகளாகவே நின்றன. வானொலி பரவியபின் இவை மறைந்தன. பாரிசின் தியேட்ரோபோன் 1932இல் நிறுத்தப்பட்டது.

வானொலியின் தொடக்க முயற்சிகள்

1910ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் லீ டி ஃபாரஸ்ட், நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓபராவிலிருந்து கம்பியில்லா முறையில் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பினார். புகழ்பெற்ற பாடகர் என்ரிகோ கருசோவின் குரலும் அவற்றில் ஒலித்தது. அப்போது வாங்கிக் கேட்கும் கருவிகள் மிகச் சிலவே இருந்தன. ஒலியும் தெளிவாக இல்லை. எனவே இது ஒரு சோதனை என்ற அளவிலேயே நின்றது.

1920 ஆகஸ்ட் 27 அன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் என்ரிகே சுசினியும் அவருடைய நண்பர்களும் கொலிசேயோ அரங்கின் கூரையில் ஒலிபரப்புக் கருவியை அமைத்து, வாக்னரின் ‘பார்சிஃபால்’ ஓபராவை ஒலிபரப்பினர். கூரைமேல் ஏறி வேலை செய்த இந்த இளைஞர்களுக்குக் ‘கூரைப் பைத்தியங்கள்’ என்ற பெயர் ஏற்பட்டது. பிரிட்டனில் பிபிசி தொடங்கிய சில வாரங்களிலேயே, 1923 ஜனவரி 8 அன்று, இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கிலிருந்து மொசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஒலிபரப்பானது. தன் நிலையத்திற்கு வெளியேயிருந்து பிபிசி செய்த முதல் ஒலிபரப்பும் இதுவே.

மெட்ரோபொலிட்டன் ஓபராவின் ஒலிபரப்புகள்

சுருக்கமாக ‘மெட்’ என்று அழைக்கப்படும் மெட்ரோபொலிட்டன் ஓபரா 1883இல் திறக்கப்பட்டது. பழைய அரங்கில் தனி மாடங்கள் கிடைக்காத புதுப் பணக்காரக் குடும்பங்கள் தங்களுக்கென எழுப்பிய அரங்கு அது. கட்டடம் மாட உரிமையாளர்களின் நிறுவனத்திற்குச் சொந்தமாக இருந்தது. யார் எந்த மாடத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது நகரச் செய்தியாகப் பேசப்பட்ட காலம் அது. பொது மேலாளர் ஜூலியோ கட்டி-கசாசா தொடக்கத்தில் வானொலியை விரும்பவில்லை.

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் இந்த நிலையை மாற்றியது. அரங்கின் வருவாய் குறைந்ததால், என்பிசி வானொலி நிறுவனம் தர முன்வந்த தொகை தேவைப்பட்டது. 1931 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளன்று, ஹம்பர்டிங்கின் ‘ஹான்சலும் கிரெட்டலும்’ ஓபரா ஒலிபரப்பானது. வர்ணனையாளர் டீம்ஸ் டெய்லர் இசைக்கு நடுவே கதையை விளக்கிப் பேசியதற்கு நேயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். திரை விழுந்திருக்கும் நேரத்தில் மட்டும் பேசும் முறை பின்னர் நிலைபெற்றது.

அறிவிப்பாளர் மில்டன் கிராஸ் இம்முறையின் அடையாளமாக விளங்கினார். ஒவ்வொரு காட்சிக்கும் முன் கதையைச் சொல்லி, மேடை அமைப்பையும் உடைகளையும் விவரிப்பார். மேடையைக் காண இயலாத நேயர்கள் அவர் சொற்களைக் கொண்டே காட்சியை மனத்தில் அமைத்துக்கொண்டனர். 1931 முதல் 1975 ஜனவரியில் இறக்கும் வரை அவர் இப்பணியைச் செய்தார். சனிக்கிழமை பிற்பகல் ஒலிபரப்பு பல அமெரிக்கக் குடும்பங்களில் வாராந்திர வழக்கமாக மாறியது. ஓபரா அரங்கே இல்லாத சிற்றூர்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் வெர்டி, புச்சினி, வாக்னர் ஆகியோரின் இசை இவ்வழியில் சென்று சேர்ந்தது.

நேயர்களின் நன்கொடை

1933இல் மெட் மூடப்படும் அபாயம் ஏற்பட்டது. பாடகி லுக்ரேசியா போரியின் தலைமையில் நிதி திரட்டும் குழு அமைக்கப்பட்டது. ஒலிபரப்பின் இடைவேளைகளில் நேயர்களிடம் உதவி கேட்கப்பட்டது. அரங்கை ஒருபோதும் நேரில் கண்டிராதவர்களும் சிறு தொகைகளை அஞ்சலில் அனுப்பினர்.

1940இல் மாட உரிமையாளர்கள் கட்டடத்தை விட்டு விலக முன்வந்தபோது, அதை வாங்குவதற்காகப் பத்து லட்சம் டாலர் திரட்டும் இயக்கம் நடைபெற்றது. இதிலும் வானொலி நேயர்களின் பங்கு பெரிதாக இருந்தது. செல்வர்களின் தனிச் சொத்தாக இருந்த அரங்கு, பொதுமக்களின் பணத்தையும் கொண்டு ஓபரா சங்கத்தின் உடைமையாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று டெக்சாகோ எண்ணெய் நிறுவனம் ஒலிபரப்பின் புரவலராகி, 2004 வரை அப்பொறுப்பில் நீடித்தது.

திரைக்கு வந்த ஓபரா

1952 டிசம்பர் 11 அன்று பிசேயின் ‘கார்மென்’ ஓபரா, மெட் அரங்கிலிருந்து 27 நகரங்களில் உள்ள 31 திரையரங்குகளுக்கு நேரடியாக அனுப்பப்பட்டது. ரீசா ஸ்டீவன்ஸ் கார்மெனாகப் பாடினார். ஆனால் அக்காலக் கேமராக்களால் மங்கிய மேடை ஒளியைச் சரியாகப் பதிவு செய்ய முடியவில்லை. பெரிய திரையில் படம் தெளிவாக இல்லாததால் இம்முயற்சி வழக்கமான சேவையாக வளரவில்லை. 1977இல் பாவரொட்டியும் ரெனாட்டா ஸ்கோட்டோவும் பாடிய ‘லா போயெம்’ ஓபராவுடன் மெட்டின் தொலைக்காட்சி நேரலைத் தொடர் ஆரம்பித்தது.

உயர்தெளிவுக் கேமராக்களும் செயற்கைக்கோள் இணைப்பும் கிடைத்த பிறகே திரையரங்கு நேரலை உறுதியாகக் காலூன்றியது. 2006இல் மெட்டின் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற பீட்டர் கெல்ப் இதைத் தொடங்கினார். டிசம்பர் 30 அன்று ‘மந்திரப் புல்லாங்குழல்’ முதல் நேரலையாகத் திரையிடப்பட்டது. பின்னர் இத்தொடர் 70க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. இலண்டனின் ராயல் ஓபரா உள்ளிட்ட பிற அரங்குகளும் இவ்வழியைப் பின்பற்றின. திரையில் பாடலின் பொருள் எழுத்தில் ஓடுகிறது. இடைவேளையில் மேடைப் பணியாளர்கள் காட்சி அமைப்பை மாற்றுவதையும், பாடகர்கள் வியர்வையுடன் பேட்டி தருவதையும் காணலாம். அரங்கில் மிக அதிகக் கட்டணம் செலுத்தியவருக்கும் இக்காட்சிகள் கிடைப்பதில்லை.

குரலும் ஒலிவாங்கியும்

ஓபரா பாடகர்கள் மரபாக ஒலிபெருக்கி இல்லாமலே பாடுகின்றனர். 1966இல் திறக்கப்பட்ட இன்றைய மெட் அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள் உள்ளன. முழு இசைக்குழுவையும் மீறி ஒரு குரல் கடைசி வரிசை வரை செல்ல வேண்டும். பயிற்சி பெற்ற ஆண் பாடகரின் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்களில் ஆற்றல் குவிகிறது. இசைக்குழுவின் ஒலி அப்பகுதியில் வலிமை குன்றியிருப்பதால் குரல் தனித்துக் கேட்கிறது. இத்திறனே ஓபரா பயிற்சியின் அடிப்படையாகும்.

ஒலிபரப்பில் இந்த வேறுபாடு மறைகிறது. சிறிய குரலும் பெரிய குரலும் ஒலிப் பொறியாளரின் கருவியில் ஏறத்தாழ ஒரே அளவாகிவிடுகின்றன. திரையில் அண்மைக் காட்சிகள் வருவதால் பாடகரின் தோற்றமும் முகபாவமும் குரலைவிட முக்கியமாகிவிடும் என்று விமர்சகர்கள் கூறினர். அரங்கில் பார்வையாளர் எங்கு நோக்க வேண்டும் என்பதைத் தாமே தேர்கிறார். திரையில் அதை இயக்குநர் தீர்மானிக்கிறார். திரையரங்கிலேயே பார்க்க முடியும்போது மக்கள் அரங்கிற்கு வரமாட்டார்கள், சிறு நகர ஓபரா குழுக்களும் நலிவடையும் என்ற அச்சமும் எழுந்தது.

மறுபுறம், ஒலிபரப்புகளால் ஓபராவின் வரலாறே பாதுகாக்கப்பட்டது. இசைத்தட்டு நிறுவனங்கள் முழுமையாகப் பதிவு செய்யாத பல பாடகர்களின் மேடைக் குரல்களை, இன்றைய மாணவர்கள் பழைய வானொலிப் பதிவுகளின் வழியே கேட்க முடிகிறது. பிழையும் இருமலும் கைதட்டலும் கலந்த இப்பதிவுகள், ஓர் இரவின் நிகழ்ச்சி எப்படி இருந்தது என்பதற்குச் சான்றுகளாக உள்ளன.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் மெட் அரங்கு மூடப்பட்டது. மார்ச் 16 முதல் பழைய திரையரங்கு நேரலைகளின் பதிவுகள் நாள்தோறும் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. வருவாய் நின்று கலைஞர்கள் ஊதியமின்றி இருந்த காலத்திலும் அரங்கிற்கும் நேயர்களுக்கும் இடையிலான தொடர்பு அறுபடாமல் காத்தவை இவையே. 2021 செப்டம்பரில் அரங்கு மீண்டும் ஓபரா நிகழ்ச்சிகளுக்குத் திறக்கப்பட்டது.

மேடையிலிருந்து காற்றில் நேராக வரும் குரலின் அனுபவத்தை எந்தக் கருவியும் முழுமையாகத் தருவதில்லை. எனினும், ஒலிபரப்பு அந்த அரங்கிற்குப் போட்டியாக மட்டும் அமையவில்லை. 1933இலும் 1940இலும் அரங்கைக் காக்கப் பணம் அனுப்பியவர்களில் பலர், அதைத் தங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் மட்டுமே அறிந்தவர்கள்.