டயர் சுற்றளவு வேறுபாடு (நான்கு சக்கர இயக்கம்)

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் கார்களில், ஒத்துப்போகாத டயர்களால் விசை கடத்தும் பாகங்களுக்கு ஏற்படும் தேய்மானம். இரண்டு டயரை மட்டும் புதிதாக மாற்றும் சிக்கனமே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

700 மி.மீ. விட்டமுள்ள டயரின் பட்டன் 5 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 690 ஆகிறது. கிலோமீட்டருக்கு ஆறேழு சுற்று கூடும். அற்பமாகத் தோன்றும், ஆனால் முன்னச்சில் புதியதும் பின்னச்சில் தேய்ந்ததுமாக ஓடினால், நேர்சாலையிலும் இரு அச்சுகளின் வேகம் ஒத்துப்போகாது. நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங் இருந்தால், சக்கரம் வழுக்குவதாகவே அது ஓயாமல் எடுத்துக்கொள்ளும். எண்ணெய் சூடேறும், நாளடைவில் கப்ளிங் இறுகிப்போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது பிரேக் பிடித்ததுபோல் வண்டி திணறுவது இதன் அடையாளம்.

மாருதி ஜிப்ஸி போன்றவற்றில், இரு அச்சுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியலே கிடையாது. தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டினால் முறுக்கம் முழுவதும், இரு அச்சுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் சேரும். நான்கு சக்கர இயக்கத்துக்கான லிவரை விடுவிப்பதே கடினமாகும். மணலிலும் சேற்றிலும் டயர் சறுக்கி அந்த முறுக்கம் தணிந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவு ஒன்றாயிருந்தால் போதாது. தயாரிப்பு மாறினாலே சுற்றளவு மாறலாம். கார் நிறுவனமான சுபாரு கால் அங்குல வேறுபாட்டையே வரம்பாகச் சொல்கிறது. காற்றழுத்தத்தைச் சரிசெய்தபின் நாடாவால் சுற்றி அளந்து பார்ப்பதே நம்பகமானது.