கவிதைக்காகச் சிறை: அஹ்னாப் ஜஸீம் வழக்கு நமக்குச் சொல்வது

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் பல மொழி பேசுவோர் அருகருகே நின்று உழைக்கின்றனர். புரியாத எழுத்தை ஊகித்துக்கொண்டு இயந்திரத்தில் கைவைத்தால் என்ன நேரும் என்பதை அங்கு பணிபுரியும் நம் குடும்பத்தினர் நன்கறிவர். அத்தகைய ஊகம் ஒரு தமிழ் முஸ்லிம் கவிஞரைச் சிறையில் தள்ளிய வரலாற்றை இங்கு நினைவுகூர்கிறோம்.

இலங்கையின் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் ஓர் இளம் ஆசிரியர். ‘நவரசம்’ என்னும் அவருடைய கவிதை நூல் 2017-இல் வெளிவந்தது. 2019 ஏப்ரலில் நிகழ்ந்த ஈஸ்டர் தினக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முஸ்லிம்கள் மீது ஐயப்பார்வை படர்ந்திருந்த காலம் அது. 2020 மே 16 அன்று அவர் கைதானார். நூல் தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் குற்றம் சாட்டினர். 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீண்ட தடுப்புக்காவலுக்கு இடமளித்ததால், குற்றப்பத்திரிகை இன்றியே மாதங்கள் பல கழிந்தன.

உண்மையில் அக்கவிதைகள் வன்முறையைக் கண்டிப்பவை. இதை எடுத்துக்காட்ட வழக்கறிஞர்களும் எழுத்தாளர்களும் முன்வந்தனர். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் அவருக்காகக் குரல் கொடுத்தன. தமிழறியாதோரும் மொழிபெயர்ப்பின் வழியே கவிதைகளை அறிந்தனர். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆயினும் சிறையில் கழிந்த ஒன்றரை ஆண்டை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

நமக்கு இது புதிதன்று. ‘அல்ஹிலால்’ இதழை நடத்திய மௌலானா அபுல் கலாம் ஆசாத்தை ஆங்கிலேய அரசு 1916 முதல் ராஞ்சியில் காவலில் வைத்திருந்தது. அவர்களை எண்ணிப் பெருமைகொள்ளும் நாம், நம்மையும் உரைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூல் தம் எழுத்துக்காக ஊர்விலக்கத்துக்கு ஆளானது நம் தமிழ்நாட்டில்தான். அவர் கருத்தை ஏற்காதோர் எழுத்தாலேயே மறுத்திருக்கலாம். ஓர் எழுத்தாளரின் வீட்டை ஊரிலிருந்து ஒதுக்குவது மறுப்பாகாது.

வந்த செய்தியை ஆராயாமல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட வேண்டாம் என்று சூரா அல்ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை காவல்துறைக்கும் பொருந்தும். நம் ஜமாஅத்துக்கும் பொருந்தும். சிறைப்பட்டோரை மீட்பதையும் பசித்தோர்க்கு உணவளிப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருசேரப் பணித்தார்கள். ஆகவே, எழுத்துக்காக ஒருவர் சிறைப்பட்டார் எனக் கேள்விப்பட்டால் முதலில் அவர் எழுதியதைப் படிப்போம். பின்னர் அவருக்காகப் பேசுவோம், துஆச் செய்வோம், அவருடைய குடும்பத்துக்குத் துணை நிற்போம்.