நாமெல்லாம் கைநாட்டுதான்!

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று கிண்டல் செய்வது நம் ஊர் வழக்கம். இப்போது செல்போனைத் திறக்க விரல், வருகைப் பதிவுக்கு விரல், ரேஷனுக்கும் விரல். படித்தவன், படிக்காதவன் எல்லோருமே கைநாட்டு ஆகிவிட்டோம்! சீனாவில் பழங்காலத்திலேயே களிமண் முத்திரையில் விரல் பதித்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய அரசாங்கங்கள் ஆளை அடையாளம் காண விரலை நாடிய கதை வங்காளத்தில் தொடங்குகிறது.

1858 ஜூலை, முர்ஷிதாபாத் மாவட்டம் ஜங்கிபூர். வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, சாலை போடச் சரளை தருவதற்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் எழுதுகிறார். "இது என் கையெழுத்தே இல்லை" என்று பின்னால் மறுத்துவிடுவாரோ என்று சந்தேகம். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையைத் தடவி, கோனாயின் முழுக் கையையும் தாளின் பின்பக்கம் பதிய வைத்தார். ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணமெல்லாம் அப்போது கிடையாது. சும்மா ஒரு மிரட்டல், அவ்வளவுதான்!

1877-ல் அவர் ஹூக்ளி மாஜிஸ்திரேட். பென்ஷன்காரர் இறந்த பிறகும் யாரோ வந்து பணம் வாங்கிப் போவது, தண்டனை பெற்றவனுக்குப் பதிலாக வேறொருவன் சிறைக்குப் போவது என்று ஆள்மாறாட்டம் பெரிய தலைவலி. பென்ஷன், பத்திரப் பதிவு, சிறை மூன்றுக்கும் விரல் ரேகையைக் கொண்டுவந்தார். தன் விரலையே வருடக்கணக்கில் பதித்துப் பார்த்து, ரேகை மாறுவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கியது. ஆயிரக்கணக்கான ரேகைகளை 1024 அறைகளாகப் பிரித்து அடுக்கும் கணக்கைப் போட்டதில் அஜீஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பெயர் கிடைத்தது மேலதிகாரிக்கு. இன்றும் அது 'ஹென்றி முறை'தான். (எங்கும் நடப்பதுதானே!)

ஹூக்ளி அலுவலகத்தில் இருந்த ஒரு சாதாரண விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. விரல் வைப்பவருக்கு எதிரே ஒரு குமாஸ்தா இருந்தார். வைப்பது நிஜ விரலா, உயிரோடு இருக்கும் ஆளா என்று கண்ணால் பார்த்தார். இயந்திரம் வந்ததும் அந்தக் கண் போய்விட்டது.

2002-ல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் மட்சுமோட்டோ என்ற பேராசிரியர் ஜெல்லி மிட்டாய் செய்கிற ஜெலட்டினில் போலி விரல்கள் செய்தார். கண்ணாடியில் பட்ட ரேகையிலிருந்துகூட அச்சு எடுத்தார். சோதித்த 11 கருவிகளும் ஏமாந்தன! அதன் பிறகுதான் 'இது உயிருள்ள விரலா' என்று கருவியே சோதிக்கும் தொழில்நுட்பத்தில் எல்லோரும் தீவிரமானார்கள். ஆதாரிலும் 2023-ல் ரேகையின் நுண்புள்ளிகளோடு விரலின் படத்தையும் சேர்த்துச் சோதிக்கும் முறை வந்தது. அந்தக் குமாஸ்தாவின் வேலையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம். விரலை? 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடப்பட்டன. அவர்கள் ஆயுளுக்கும் அதே ரேகையோடுதான் இருக்க வேண்டும். ரேகையை ஒரே பெரிய கிடங்கில் குவிக்காமல், செல்போன்களில் செய்வதுபோல அந்தக் கருவிக்குள்ளேயே பூட்டி வைப்பது மேல் என்பது என் கட்சி.

சரி, சோதனையை எவ்வளவு கடுமையாக்கலாம்? கடுமையாக்க ஆக்கத் திருடனோடு சேர்ந்து உரியவரும் வெளியே நிற்பார். என் பாட்டி ஐம்பது வருடம் களை பறித்தவர். ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்தார். நான்கு முறையும் சிவப்பு விளக்கு. கடைசியில் திருப்பூரில் இருக்கும் மாமாவின் போனுக்கு ஓடிபி போய், அவர் படித்துச் சொல்ல, மெஷின் சம்மதித்தது.

"ஏன்பா, என்னைத் தெரியாதா உனக்கு?" என்றார் பாட்டி.

"தெரியும் பாட்டி, இதுக்குத்தான் தெரியல" என்று மெஷினைக் காட்டினார் கடைக்காரர்.