கிண்ணம் வென்றவர்களும் பிரசாவுரிமைத் தாளும்

உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள உலகக் கிண்ணங்களை அறியாத தமிழ் வாசகர் இலர். ஆனால் பட்மின்டன் விளையாட்டில் நாடுகள் அணிகளாக மோதும் தோமஸ் கிண்ணத்தையும் ஊபர் கிண்ணத்தையும் பற்றி, விளையாட்டுப் பக்கத்தைத் தவறாது வாசிப்போர்கூட அதிகம் பேசுவதில்லை. முன்னது ஆடவருக்கு, பின்னது மகளிருக்கு. 2022 இல் இந்திய ஆடவர் அணி பாங்கொக்கில் இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தி முதன்முறையாகத் தோமஸ் கிண்ணத்தை வென்றபோது சில நாள் பேச்சு எழுந்தது; பின்னர் அடங்கியது. இக்கிண்ணங்களின் வரலாற்றில் என்னை நெடுநாளாக ஈர்த்து வருவது வேறொரு செய்தி. களத்தில் ஒரு நாட்டின் கொடியைச் சுமந்தவர்கள், அதே நாட்டின் அரச அலுவலகங்களில் தாம் அந்நாட்டவர்தாம் என்று நிரூபிக்க நேர்ந்த கதை அது.

கிண்ணத்தை வழங்கியவர் சேர் ஜோர்ஜ் தோமஸ் என்னும் ஆங்கிலேயர். பட்மின்டனில் மட்டுமன்றிச் சதுரங்கத்திலும் வல்லவர். இருமுறை பிரித்தானியச் சதுரங்கச் சம்பியன். 1934-35 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்காவையும் பொட்வின்னிக்கையும் ஒருசேரத் தோற்கடித்தவர். இரண்டு விளையாட்டுகளில் இவ்வாறு உச்சம் தொட்டவர்கள் மிகச் சிலரே. 1939 இல் அவர் முன்வைத்த அணிப்போட்டி யோசனை, உலகப்போரால் பின்தள்ளப்பட்டு, 1948-49 இல் தான் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேய வீராங்கனை பெட்டி ஊபரின் பெயரிலான மகளிர் கிண்ணம் 1956-57 இல் தொடங்கிற்று. முதல் மூன்று ஊபர் கிண்ணங்களையும் அமெரிக்கா வென்றது என்றால் இன்று நம்புவது கடினம்.

ஐரோப்பியர் உருவாக்கிய கிண்ணம் ஐரோப்பாவில் தங்கவில்லை. முதல் இறுதியாட்டத்தில், இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில், அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த மலாயா டென்மார்க்கை 8-1 என வென்றது. தொடர்ந்து மூன்று முறை கிண்ணம் மலாயாவிடமே இருந்தது. 1958 இல் சிங்கப்பூரில் அதை 6-3 எனப் பறித்தது, சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இந்தோனேசியா. அந்த அணியில் பாதிக்கு மேற்பட்டோர் சீன வம்சாவளியினர். அவர்களுள் தலையாயவர் டான் ஜோ ஹொக். மறு ஆண்டே அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற முதல் இந்தோனேசியர்.

அதே மறு ஆண்டில்தான், கிராமப்புறங்களில் வெளிநாட்டவர் சில்லறை வணிகம் செய்வதைத் தடுக்கும் அரசாணை பிறந்தது. ஆணையில் “வெளிநாட்டவர்” என்றிருந்தாலும், யாரைக் குறித்தது என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. 1960 இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கப்பலேறிச் சீனா சென்றனர். அந்நாள்களில் சென்ற இளைஞருள் இருவர், லம்பொங்கில் பிறந்த டொங் சின் ஃபூவும், செமாரங்கில் பிறந்த ஹூ ஜியாசாங்கும். சோலோவில் பிறந்த வாங் வென்ஜியாவோ அதற்கு முன்பே, 1954 இல், சென்றிருந்தார். சீனப் பட்மின்டனைக் கட்டியெழுப்பியவர்கள் இவர்களே. ஆனால் சீனா 1981 வரை சர்வதேச பட்மின்டன் சம்மேளனத்துக்கு வெளியே இருந்தமையால், டொங்கும் ஹூவும் தம் விளையாட்டின் உச்சத்தில் தோமஸ் கிண்ணத்தில் ஆடவே இல்லை.

அங்கேயே தங்கியவர்களின் நிலை என்ன? சுஹார்ட்டோ ஆட்சியில் சீனப் பெயர்களை மாற்றிக்கொள்ளுமாறு அழுத்தம் வந்தது. டான் ஜோ ஹொக், ஹெந்திரா கர்த்தனெகரா ஆனார். எட்டு முறை அகில இங்கிலாந்துப் பட்டம் வென்ற ரூடி ஹார்ட்டோனோவின் பிறப்புப் பெயர் நியோ ஹப் லியாங். பெயரை மாற்றினால் மட்டும் போதவில்லை. பிறந்த மண்ணிலேயே, பிரசாவுரிமைக்கு அத்தாட்சியாகத் தனியொரு சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. கடவுச்சீட்டுப் பெறவும், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவும் அதுவே கேட்கப்பட்டது. இத்தகைய தாளின் பெறுமதியை எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்தைச் சொன்னால் போதும். சிரெபொனில் பிறந்த சகோதரர் ஜுன் ஜுன் 1970களில் இந்தோனேசியாவுக்காகத் தோமஸ் கிண்ணம் வென்றார். உடன்பிறந்த சகோதரி லியாங் சியூ சியா சீனாவுக்காக ஆடினார்.

1982 இல் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் நடந்த இறுதியாட்டம் இந்தப் பின்னணியில் பார்க்கப்பட வேண்டியது. சீனாவுக்கு அதுவே முதல் தோமஸ் கிண்ணம். அக்காலத்தில் ஒன்பது ஆட்டங்கள், இரண்டு நாள்கள். முதல் நாள் இந்தோனேசியா 3-1 என முந்தியிருந்தது. மறுநாள் முடிவில் 5-4 எனச் சீனா வென்றது. உலகப் பத்திரிகைகள் இதனை இரு வல்லரசுகளின் மோதலாக வருணித்தன. சீன அணியின் தலைமைப் பயிற்றுநர் வாங் வென்ஜியாவோ ஜாவாவில் பிறந்தவர் என்பதை நினைவூட்டியவர்கள் சிலரே.

1984 முதல் இரு கிண்ணங்களும் ஒரே இடத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஐந்து ஆட்டங்களாக நடத்தப்படலாயின. அந்தப் பத்தாண்டிலேயே லியாங் சியூ சியாவும் டொங் சின் ஃபூவும் பயிற்றுநர்களாக இந்தோனேசியாவுக்குத் திரும்பினர். அதன் பயன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தெரிந்தது. சுசி சுசாந்தியும் அலன் புடிகுசுமாவும் இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்றனர். 1994 இல் ஜகார்த்தாவில் இரு கிண்ணங்களும் ஒருங்கே கைக்கு வந்தன. ஊபர் இறுதியில் 2-2 என்ற நிலையில், பதினான்கு வயது மியா அவுடினா, சீனாவின் சாங் நிங்கை வென்று கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தார். பத்தாண்டு கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அதே இருவர் மீண்டும் சந்தித்தனர். வென்றவர் சாங் நிங். மியா அப்போது ஆடியது நெதர்லாந்துக்காக.

1998 மே மாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்நாள்களில் நான் கொழும்பில் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பணியாற்றினேன். மே 13 முதல் ஜகார்த்தாவிலிருந்து செய்தி முகவரகங்களின் தகவல்கள் இரவு பகலாக வந்தவண்ணமிருந்தன. சீனர்களின் கடைகள் எரிக்கப்படுகின்றன, வீடுகள் சூறையாடப்படுகின்றன, பெண்கள் மீது வன்புணர்வுகள் நிகழ்கின்றன. இறந்தோர் ஆயிரத்துக்கு மேல் எனப் பின்னர் விசாரணைக் குழு கூறியது. கடை வாசல்களில் தாம் எந்த இனத்தவர் என்று எழுதிவைத்துத் தப்ப முயன்றோரைப் பற்றிய வரிகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு 1983 ஜூலை நினைவுக்கு வந்தது. அறையிலிருந்த மற்றவர்களுக்கும் வந்திருக்கும். எவரும் அதைப் பேசவில்லை.

அதே வாரத்தில் ஹொங்கொங்கில் தோமஸ், ஊபர் கிண்ணப் போட்டிகள் தொடங்கின. சுசி சுசாந்தி, ஹெந்திரவான் முதலானோர், தம் குடும்பத்தவர் தீயின் நடுவே இருக்க, நாட்டின் பெயர் பொறித்த சட்டையுடன் களமிறங்கினர். மே 21 இல் சுஹார்ட்டோ பதவி விலகினார். மகளிர் இறுதியில் சீனாவிடம் தோற்றனர். மே 24 இல் ஆடவர் மலேசியாவை 3-2 என வென்று கிண்ணத்தைத் தக்கவைத்தனர். கலவரச் செய்தி எமது பக்கத்துக்கும், வெற்றிச் செய்தி விளையாட்டுப் பக்கத்துக்கும் போயின. பத்திரிகைத் தொழிலின் வழமை அது.

அந்த ஆண்டில்தான் டொங் சின் ஃபூவின் கதையும் முடிவுக்கு வந்தது. பிறந்த நாட்டுக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கில் சம்பியன்களை உருவாக்கிய அவருக்கு இந்தோனேசியா பிரசாவுரிமை தர மறுத்தது. அவர் மீண்டும் சீனா சென்றார். சான்றிதழ் கேட்கும் நடைமுறையை 1996 இலேயே சனாதிபதி ஆணையொன்று நீக்கியிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். ஆணை தலைநகரில் இருந்தது. அலுவலர்களோ பழைய தாளையே கேட்டுக்கொண்டிருந்தனர்.

ஹெந்திரவானும் அதில் அகப்பட்டவரே. சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளியும் 2001 இல் உலகச் சம்பியன் பட்டமும் வென்ற பின்னரும் அவருடைய பிரசாவுரிமை தீர்க்கப்படாதிருந்தது. விவகாரம் சனாதிபதி மெகாவதி வரை சென்று, 2002 இல் குவாங்சோ தோமஸ் கிண்ணத்துக்குச் சற்று முன்னரே தீர்ந்தது. அங்கு இறுதியாட்டம் 2-2 என நின்றபோது, ஐந்தாம் ஆட்டத்தில் மலேசியாவின் ரொஸ்லின் ஹாஷிமை வென்று கிண்ணத்தைக் கொணர்ந்தவர் அவர்தான்.

2004 இல் போட்டி ஜகார்த்தாவில் நடந்தது. இந்தோனேசியா அரையிறுதியிலேயே வெளியேற, சீனா டென்மார்க்கை வென்று, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் கிண்ணத்தை மீட்டது. அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர் லின் டான். அவரை வளர்த்தெடுத்த பயிற்றுநர், ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டில் மறுக்கப்பட்ட டொங் சின் ஃபூ.

2006 இல் இந்தோனேசியா புதிய பிரசாவுரிமைச் சட்டத்தை இயற்றியது. தோமஸ் கிண்ணம் திரும்பி வர 2021 ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் சீனாவை 3-0 என வென்றார்கள். ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளை அந்நாட்டு முகவரகம் முறையாகப் பின்பற்றாததால் விதிக்கப்பட்டிருந்த தடை காரணமாக, பரிசளிப்பின்போது இந்தோனேசியாவின் தேசியக் கொடியை ஏற்ற முடியவில்லை. பட்மின்டன் சங்கத்தின் கொடியே ஏறியது. வீரர்கள் அதைப் பார்த்தபடி தேசிய கீதம் பாடினர்.