சட்டப்படியான மனைவி: எல்லையில் அளக்கப்படும் திருமணங்கள்

டெல்லியின் சிவாஜி ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்தில் ஒரு விசா விண்ணப்ப மையம் இருக்கிறது. பிரிட்டனில் உள்ள கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர வேண்டியவர்கள் கைரேகை கொடுக்க வருமிடம் அது. அவர்கள் திரட்டியிருக்கும் கோப்பைப் பிரித்தால் ஒரு திருமண வாழ்வே தாள்களாக அடுக்கப்பட்டிருக்கும். பதிவுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, ஆல்பத்திலிருந்து எடுத்த படங்கள், பணம் அனுப்பிய ரசீதுகள், விமான டிக்கெட்டுகள், வாட்ஸ்அப் உரையாடல்களின் அச்சு, காசநோய்ப் பரிசோதனை முடிவு, ஆங்கிலத் தேர்வுச் சான்று. கல்யாண மண்டபத்துக்கு வந்த யாரும் கேட்காத ஒரு கேள்விக்குத்தான் இத்தனையும் பதில்: இந்தத் திருமணம் மெய்தானா?

எல்லையைக் காக்கும் உரிமை நாடுகளுக்கு உண்டு. விசாவுக்காக நடக்கும் போலித் திருமணங்களும் உண்டு. இரண்டையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. திருமணம் நடந்ததா என்று சரிபார்ப்பதோடு எல்லையில் அமர்ந்திருக்கும் அரசு நின்றதில்லை. எப்படி நடந்தால் அது திருமணம் என்ற அச்சையும் அதுவே வார்த்திருக்கிறது. குடும்பங்கள் அந்த அச்சுக்குள் தம்மைப் பொருத்திக்கொண்டிருக்கின்றன. பொருத்திக்கொள்ளும் சுமை மிகுதியும் பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதற்கு எதிராகக் குரல் எழுப்பிய இந்தியாவின் சொந்தச் சட்டங்களும் இந்த அச்சிலிருந்து விடுபடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் வாசகர்களைப் பொறுத்தவரை இந்த வரலாறு தில்லையாடி வள்ளியம்மையிடம் தொடங்குகிறது. 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். அங்கு வாழ்ந்த ஓர் இந்திய முஸ்லிமின் மனைவி, கணவரோடு சேர வந்தபோது நாட்டுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அதிலிருந்து எழுந்த வழக்கு அது. பலதார மணத்துக்கு இடம் தரும் சமய முறைப்படி நடந்த திருமணத்தை ஏற்க முடியாது என்றது தீர்ப்பு. இந்து, முஸ்லிம், பார்சித் திருமணங்கள் யாவும் ஒரே நாளில் கேள்விக்குள்ளாயின. மனைவியர் மனைவியர் அல்லர் என்றாகி, பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது. அதுவரை ஆண்களின் போராட்டமாக இருந்த சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு உடனடிக் காரணம் இதுதான். டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள் முன்வரிசையில் நின்றனர். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். வள்ளியம்மை சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியை, ஒரே ஒரு மனைவியை, ஏற்றுக்கொண்டது.

வள்ளியம்மையின் சாவை அங்கே இந்தியர் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்ட் வரியோடு மட்டும் சேர்த்து நினைப்பது நம் வழக்கம். ஆனால் கணவன் வாழும் நாட்டுக்குள் மனைவி நுழையலாமா என்ற கேள்வியும் அந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்தது. இன்று விசா மையத்து வரிசையில் நிற்பவர்களும் அதே கேள்வியோடுதான் நிற்கிறார்கள்.

கனடாவில் குடியேறிய சீக்கியர்களும் தம் மனைவியரை அழைத்துக்கொள்ள ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. 1918இல் லண்டனில் கூடிய ஏகாதிபத்தியப் போர் மாநாடு அதற்கு ஒரு வழி சொன்னது. பிரிட்டிஷ் பேரரசின் பிற நாடுகளில் நிலையாகக் குடியிருக்கும் இந்தியர் மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு மனைவிதான். அவர் சட்டப்படியான மனைவி என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும். தாலியும் சடங்கும் ஊரறிந்த உறவும் போதாமல், அரசின் முத்திரை தேவைப்பட்டது அப்போதுதான். இன்று திருமணச் சான்றிதழில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்க அலையும் ஒவ்வொருவரும் அந்தத் தீர்மானத்தின் வாரிசுகள்.

இந்த வரலாற்றின் மிகக் கொடிய பக்கம் டெல்லியைத் தொடுகிறது. 1979 ஜனவரியில் இந்தியாவிலிருந்து ஓர் ஆசிரியை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். வயது 35. பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளியினர் ஒருவரை மணக்க வந்திருந்தார். மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்கவிருக்கும் பெண்ணுக்கு அன்றைய விதிப்படி முன்கூட்டிய விசா தேவையில்லை. மணமான பெண்ணுக்குத் தேவை. அதற்கு ஊரிலேயே நீண்ட வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்த வயதுக்குப் பிறகா திருமணம் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே மணமாகிவிட்டதா என்று பார்க்க, ஓர் ஆண் மருத்துவர் அவருக்குக் கன்னித்தன்மைச் சோதனை செய்தார். மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டதாக அவர் பின்னர் சொன்னார். பிப்ரவரி 1 அன்று கார்டியன் நாளிதழில் செய்தி வெளியானது. இந்தியாவில் கொந்தளிப்பு எழுந்தது. அரசு கண்டனம் தெரிவித்தது. பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் அந்தச் சோதனைக்குத் தடை விதித்தார்.

எங்கோ ஓர் அதிகாரியின் தனிப்பட்ட அத்துமீறல் என்று இதைச் சொல்லித் தீர்க்க முடியவில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இவான் ஸ்மித்தும் மரினெல்லா மார்மோவும் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகக் கோப்புகளைப் படித்து, 2011இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1970களின் பிற்பாதியில் குறைந்தது 80 பெண்கள் இத்தகைய சோதனைக்கு ஆளாகியிருந்தனர். டெல்லியில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்திலும் அது நடந்திருக்கிறது. சொந்த நாட்டின் தலைநகரிலேயே, இன்னும் விமானம் ஏறாத பெண்ணின் உடம்பில் அவளுடைய திருமணத்துக்குச் சாட்சி தேடியிருக்கிறார்கள். இந்தியப் பெண் என்றால் மணமாகும்வரை கன்னி, மணமானால் அடையாளம் தெரியும் என்ற எளிய நம்பிக்கை இதன் அடியில் இருந்தது. அது மருத்துவமும் அன்று, சட்டமும் அன்று. நம் பெண்களைப் பற்றி வேற்றார் கட்டிவைத்திருந்த கதை. அந்தக் கதையை விதியாக்கிய பிறகு, கதைக்குப் பொருந்தாதவள் பொய் சொல்பவள் ஆனாள். 35 வயதில் முதல் திருமணம் செய்துகொள்வது குற்றத்தின் அறிகுறியானது.

உடம்பில் தேடியதை அடுத்து மனத்தில் தேடத் தொடங்கினார்கள். பிரிட்டன் 1980இல் கொண்டுவந்து 1983இல் இறுக்கிய முதன்மை நோக்க விதி, குடியேறுவது தன் திருமணத்தின் முதன்மை நோக்கம் அன்று என்று விண்ணப்பதாரரே நிறுவ வேண்டும் என்றது. இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிறுவுவது? பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணத்தில் பெண்ணும் பையனும் இரண்டொரு முறைதான் சந்தித்திருப்பார்கள். காதல் கடிதங்கள் இருக்காது. அதுவே சந்தேகத்துக்குக் காரணமானது. இன்னொரு தர்க்கமும் வந்தது. இந்திய வழக்கப்படி பெண்தான் புக்ககம் போக வேண்டும். இங்கே பையன் பெண் இருக்கும் நாட்டுக்கு வருகிறான் என்றால் நோக்கம் வேறு. வீட்டோடு மாப்பிள்ளையை நம் ஊரில் கேலி பேசுவார்களே, அந்தக் கேலியை விசா அதிகாரிகள் மறுப்புக்கான காரணமாக எழுதினார்கள். நம் சமூகத்தின் ஆணாதிக்க வழக்கத்தையே ஆதாரமாகக் காட்டி, அந்த வழக்கத்தை மீறிய இணையரைத் தண்டித்தார்கள்.

மனைவியை அழைத்துக்கொள்ள ஆண்களுக்கு இருந்த சலுகை, கணவனை அழைத்துக்கொள்ளப் பெண்களுக்கு இல்லை. இது பாலினப் பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985 மே 28 அன்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் கீழ்ப்படிந்த விதம் கவனிக்கத்தக்கது. பெண்களுக்கு உரிமையைக் கூட்டித் தருவதற்குப் பதிலாக, ஆண்களின் சலுகையையும் குறைத்துச் சமன் செய்தது. முதன்மை நோக்க விதி 1997 ஜூனில் நீக்கப்பட்டது.

அதன் இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தது. 2012 ஜூலை முதல், துணையை அழைப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண்ட் இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11 அன்று அது 29,000 ஆனது. அதே மாதம் அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்ட். வாரம் 40 மணி வீதம் ஆண்டின் 52 வாரமும் உழைப்பவருக்குக் கிடைப்பது சுமார் 23,800. சட்டம் வகுத்த கூலியை வாங்கும் ஒருவர், சட்டப்படி மணந்த துணையை அந்தக் கூலியைக் கொண்டு அழைத்துக்கொள்ள முடியாது. கனடா 2010 செப்டம்பர் 30 அன்று தன் விதியில் ஒரே ஓர் இணைப்புச் சொல்லை மாற்றியது. அதற்கு முன், திருமணம் மெய்யானது அன்று, குடியேற்றத்துக்காகவே நடந்தது என்ற இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மறுக்க முடியும். பிறகு இரண்டில் ஒன்று போதும் என்றானது. இன்று மெய்யாகவே சேர்ந்து வாழும் இணையரையும், மணநாளன்று மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டு மறுக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, வெளிநாட்டுத் துணையைத் தன் நாட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் அடிப்படை உரிமை குடிமகளுக்கு இல்லை என்று 2024 ஜூன் 21 அன்று தீர்ப்பு எழுதியது.

இந்த விதிகளெல்லாம் அயல்நாட்டில் இயற்றப்பட்டவை. அவற்றின் நிழல் விழுவது இங்கே, நம் கல்யாணங்களின் மேல்.

2006 பிப்ரவரி 14 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றது. தமிழ்நாடு 2009இல் சட்டம் இயற்றியது; டெல்லி 2014இல் ஆணை பிறப்பித்தது. கைவிடப்பட்ட மனைவிக்கும் குழந்தை மணத்தில் சிக்கிய சிறுமிக்கும் பதிவு ஒரு பாதுகாப்பு என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் விசாவின் அவசரம் அந்தப் பதிவைத் தலைகீழாக்கிவிட்டது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாகரத்னாவும் மசீயும் ஒரு வழக்கில் இதைக் குறிப்பிட்டார்கள். பயிற்சி பெற்ற விமானிகளான இருவர், சடங்கு ஏதுமின்றிச் சான்றிதழ் மட்டும் வாங்கி, பிறகு பிரிந்த வழக்கு அது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவரோடு போய்ச் சேர விசா விண்ணப்பத்தை விரைவுபடுத்த வேண்டும் என்பதற்காக, கல்யாணத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு பதிவை முன்னால் முடிக்கப் பெற்றோரே சம்மதிக்கும் போக்கு பெருகியிருப்பதாக நீதிமன்றம் கவலை தெரிவித்தது. சடங்கு நடக்காத இந்துத் திருமணத்தைப் பதிவுச் சான்று மட்டும் திருமணமாக்கிவிடாது என்றும் தீர்ப்பளித்தது. அந்த இருவரும் சட்டத்தின் கண்ணில் ஒருபோதும் கணவன் மனைவியாக இருந்ததில்லை என்றானது.

குடும்பங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இரண்டு வாரம் லீவு. சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்கலாம் என்றால், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக்குப் பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். விசா கோப்பு நகர மாதங்கள் ஆகும். ஆகவே நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பதிவு, ஆறு மாதம் கழித்து முகூர்த்தம். நடுவில் ஏதாவது முறிந்தால், கழுத்தில் தாலி ஏறாத பெண், ஏட்டில் மனைவியாக நிற்கிறாள். அதை நீக்க அவள்தான் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியொரு கவலையும் உண்டு. அண்ணாவின் ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு, புரோகிதரும் அக்கினியும் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதன் எல்லையை மேலும் தெளிவாக்கியது. ஆனால் இந்தியக் கல்யாணம் என்றால் மூன்று நாள் விழா, நூற்றுக்கணக்கான விருந்தினர், குடும்பப் படங்கள் என்று எதிர்பார்க்கும் ஒருவரின் மேசைக்கு இருபது பேர் நிற்கும் ஒற்றைப் படம் போனால், அது எளிமையாகத் தெரியுமா, ஐயமாகத் தெரியுமா? சாதி மறுத்து, பெற்றோர் வராமல் நடக்கும் மணங்கள் இந்த அளவுகோலில் இன்னும் பின்தங்கும். எந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தின் துணை மிகுதியும் வேண்டுமோ, அவற்றுக்கே சான்று மெலிவாக இருக்கிறது.

விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகும் ஐயம் உடன் வருகிறது. அமெரிக்கா 1986இலிருந்து, புதிதாக மணமானவர்களுக்கு இரண்டாண்டு நிபந்தனை வசிப்புரிமை மட்டுமே தருகிறது. பிரிட்டனில் இரண்டாண்டாக இருந்த சோதனைக் காலம் 2012இல் ஐந்தாகியது. கனடா 2012இல் இரண்டாண்டு நிபந்தனை விதித்து, வன்கொடுமைக்குள்ளான பெண்களை அது பிணைக்கிறது என்ற எதிர்ப்புக்குப் பின் 2017 ஏப்ரலில் கைவிட்டது. கணவன் கையெழுத்துப் போட்டால்தான் நாட்டில் இருக்க முடியும் என்ற நிலையில் அடிபடும் பெண் எங்கே போவாள்? இந்த நாடுகளின் சட்டங்களில் வன்கொடுமைக்கான விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதற்கும் காவல் அறிக்கையும் மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். மணமானதை நிறுவியவள் அடிபட்டதையும் நிறுவ வேண்டும். இந்தியாவில் 2009 முதல் தேசிய மகளிர் ஆணையம் வெளிநாடு வாழ் இந்தியர் மணங்கள் பற்றிய புகார்களைக் கவனிக்கிறது. அத்தகைய மணத்தை 30 நாளுக்குள் பதிவு செய்யச் சொன்ன மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287ஆம் அறிக்கையில் முழுமையான சட்டம் வேண்டும் என்று மீண்டும் எழுதியது.

இனி, நம் வீட்டு வாசல். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தியரை மணந்த பெண்களுக்கே பதிவின் வழியே குடியுரிமை பெற இடம் தந்தது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அந்த வழி இல்லை. பிரிட்டனைக் கண்டித்து நாம் குரல் எழுப்பிய 1979இலும் நம் சட்டம் அப்படியே இருந்தது. 1986இல்தான் 'பெண்கள்' என்ற சொல் 'நபர்கள்' என்று மாறியது. இன்று அப்படி மணந்தவர் ஏழாண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வேண்டுமென்றால், பதிவான திருமணம் இரண்டாண்டு நீடித்திருக்க வேண்டும். திருமணம் முறிந்தால் அட்டையை ரத்து செய்ய 7டி பிரிவு அதிகாரம் தருகிறது. டெல்லியில் பிள்ளை பெற்று, வேலை பார்த்து, இருபது ஆண்டு வாழ்ந்த அயல்நாட்டு மனைவியின் தங்கும் உரிமை, கணவனின் விவாகரத்து மனுவோடு ஆடத் தொடங்குகிறது. தமிழர்கள் கூடும் மலை மந்திர் கோயில் இருக்கும் அதே ஆர்.கே.புரத்தில் இருக்கிறது வெளிநாட்டவர் பதிவு அலுவலகம். அந்தப் பெண் தன் நிலையை விளக்க வேண்டியது அங்கேதான்.

இதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, சட்டவிரோதக் குடியேறி என்று வகைப்படுத்தப்பட்ட எவரையும் திருமணத்தின் பேரில் விண்ணப்பிக்க விடுவதில்லை. 1983க்குப் பின் கடவுச்சீட்டு இல்லாமல் படகேறித் தமிழ்நாடு வந்த இலங்கைத் தமிழ் அகதிகளைக் குடியுரிமைக் கேள்வியில் மத்திய அரசு அந்த வகையில்தான் வைத்துப் பார்த்து வந்திருக்கிறது. மண்டபம் அகதி முகாமில் வாழும் ஒரு பெண் அருகிலிருக்கும் ஊரில் ஓர் இந்தியத் தமிழரை மணக்கலாம். பேசும் மொழி ஒன்றாக இருக்கும், கும்பிடும் கோயிலும் ஒன்றாக இருக்கும். தமிழ்நாட்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவும் செய்யலாம். அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க மட்டும் முடியாது.